உலகக் கல்வி, பெண், விஞ்ஞானம்: பிரான்சிஸ்கோ ரமிரெஸின் ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

1

கல்வியின் சமூக அடிப்படைகளை ஆராய்வோர் ஒரு நாட்டினை அல்லது ஒரு சமுதாயத்தினைத் தனித்தெடுத்து நோக்குவதையே பெரும்பாலும் வழக்கமாகக் கொண்டுள்ளனர். ஒரு நாட்டிலே பாடசாலைகள் பெருகினவெனின், அதற்கான காரணத்தை அந்நாட்டின் பொருளாதாரத்திலும் வர்க்க உறவுகளிலும் அரசியற் போட்டிகளிலும் தேடுகிறோம். பெண்கள் பல்கலைக்கழகத்திற் புகுந்தமைக்கும் விஞ்ஞானபீடங்களில் இடம்பெற்றமைக்கும் அவ்வாறே விளக்கம் தருகிறோம். இந்த ஆய்வு வழக்கத்தினை அடிப்படையிலேயே கேள்விக்குள்ளாக்கிய சமூகவியலாளருள் ஒருவர் பிரான்சிஸ்கோ ரமிரெஸ். பிலிப்பைன்சில் இளநிலைப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் சமூகவியற் கலாநிதியாகி, அங்கேயே பேராசிரியராக நெடுங்காலம் பணியாற்றியவர் அவர். ஜோன் மேயர் முதலியோருடன் இணைந்து 1970களிலிருந்து அவர் வளர்த்தெடுத்த சிந்தனைப் போக்கு 'உலகச் சமுதாயக் கோட்பாடு' என்னும் பெயரால் அறியப்படுகிறது.

பொதுக்கல்வியின் உலகளாவிய விரிவு, பெண்களின் வாக்குரிமையும் உயர்கல்வியும், விஞ்ஞானத்தின் பரவல் என்னும் மூன்று துறைகளில் ரமிரெஸ் மேற்கொண்ட ஆய்வுகளை ஒருசேர நோக்கி, அவை எவற்றைத் தெளிவுபடுத்துகின்றன, எவற்றை நமது பார்வையிலிருந்து விலக்கிவிடுகின்றன என மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எமது முடிவினை முதலிலேயே கூறிவிடலாம். கல்வியின் வாயில்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே முறையில் திறக்கப்பட்டன என்பதை ரமிரெஸ் ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளார். ஆயின், அவ்வாயில்களைத் திறக்கப் போராடியவர்களும், அவை திறந்த பின்னரும் புறத்தே நிற்க நேர்ந்தவர்களும் அவரது அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. நாட்டினையே அளவீட்டின் அலகாகக் கொள்ளும் அவரது முறையியலே இதற்கு மூலகாரணம் என்பது எமது கருத்து.

2

1977இல் மேயர், ரமிரெஸ், ரூபின்சன், போலி-பெனற் ஆகியோர் 1950 முதல் 1970 வரையிலான உலகக் கல்வி விரிவு பற்றிய ஆய்வொன்றினை வெளியிட்டனர். அக்காலப் பகுதியிற் செல்வ நாடு, வறிய நாடு, முதலாளித்துவ நாடு, சோஷலிச நாடு என்ற வேறுபாடின்றி எங்கும் பாடசாலைச் சேர்வு பெருகியது. இப்பெருக்கத்தை அந்தந்த நாட்டின் பொருளாதார, அரசியல், சமூகப் பண்புகளைக் கொண்டு போதிய அளவு விளக்க முடியவில்லை என்பதே அவ்வாய்வின் முடிவாகும். பத்தாண்டுகள் கழித்து, 1987இல், ரமிரெஸும் ஜோன் போலியும் ஐரோப்பாவில் வெகுசனக் கல்வி தோன்றிய வரலாற்றை ஆராய்ந்து இவ்வாதத்துக்கு வரலாற்று ஆதாரம் தேடினர்.

கைத்தொழிற் புரட்சியே பொதுக்கல்வியைத் தோற்றுவித்தது என்பது பலரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கருத்து. வரலாறு இதற்கு மாறாகவுள்ளது. கைத்தொழில் வளர்ச்சி பெறாத பிரஷியா 1763இலேயே பொதுப் பாடசாலை ஒழுங்குவிதியைப் பிரகடனஞ் செய்தது. கைத்தொழிலில் உலகின் முதல்வனாயிருந்த இங்கிலாந்திலோ கட்டாயப் பாடசாலை வரவு 1880இலேதான் நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. ஆகவே, அரசுகளிடையே நிலவிய போட்டியும், பிரசையை உருவாக்குவது அரசின் கடமை என்ற கருத்துநிலையும், அவை அனைத்துக்கும் பொதுவாயமைந்த முன்மாதிரியுமே கல்வியைப் பரப்பின என்பது இவ்வாய்வாளரின் வாதமாகும்.

முற்போக்கு நோக்குடையோர் இவ்விடத்துச் சற்று நிதானிக்க வேண்டும். கல்வியைப் பொருளுற்பத்தித் தேவைகளின் நேரடிப் பிரதிபலிப்பாகக் கொண்டு, ஆலைக்குத் தொழிலாளி தேவைப்பட்டமையால் பாடசாலை வந்தது என்று எழுதிச் செல்லும் வழக்கம் நம்மிடையேயும் இருந்துள்ளது. மேற்கூறிய காலவரிசை அவ்வெளிய விளக்கத்தைத் தாங்காது. கருத்துநிலைக்கு அதற்கேயுரிய ஆற்றலும் சார்பளவிலான சுயாதீனமும் உண்டு என்பதை மார்க்சியச் சிந்தனையாளர் பலரும் ஏற்றுக்கொண்டுள்ள நிலையில், ரமிரெஸின் சான்றுகளை 'முதலாளித்துவச் சமூகவியல்' என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் ஆய்வு நேர்மையாகாது.

3

பெண்கள் பற்றிய ஆய்வுகளிலும் இதே நோக்கே முனைப்புப் பெறுகிறது. 1996இற் கரென் பிராட்லியுடன் இணைந்து, 1965 தொடக்கம் 1985 வரை உயர்கல்வியிற் பெண்களின் பங்கு நாடுகள்தோறும் எவ்வாறு மாறியது என ரமிரெஸ் ஆராய்ந்தார். 1997இல் யசெமின் சொய்சால், சுசான் ஷனஹான் ஆகியோருடன் இணைந்து எழுதிய கட்டுரை 1890 முதல் 1990 வரையான நூறு ஆண்டுகளில் 133 நாடுகளிற் பெண்கள் வாக்குரிமை பெற்றமையை நோக்குகிறது. இருபதாம் நூற்றாண்டு செல்லச் செல்ல உள்நாட்டுக் காரணிகளின் செல்வாக்குக் குறைந்து, சர்வதேசத் தொடர்புகளின் செல்வாக்கு மேலோங்கியது என்பது அதன் முடிவு. பெண்ணின் வாக்கு ஒரு காலத்திற் போராட்டப் பொருளாயிருந்து, பின்னர் நவீன அரசொன்றின் இயல்பான இலக்கணமாக மாறியது என்று அவர்கள் காட்டினர்.

2001இல் ரமிரெஸும் கிறிஸ்ரின் வொற்றிப்காவும் 1972 முதல் 1992 வரை விஞ்ஞானம், பொறியியல் ஆகிய கற்கைநெறிகளிற் பெண்கள் பெற்ற பங்கினை ஆராய்ந்தனர். மெதுவாக, ஆயினும் உறுதியாக அப்பங்கு வளர்கிறதா என்னும் வினாவே அக்கட்டுரையின் தலைப்பாயமைந்தது. பிற துறைகளிற் பெண்கள் பெற்றிருந்த இடம் விரிவடைய, விஞ்ஞான பொறியியற் துறைகளிலும் அவர்கள் பங்கு உயர்ந்தது என்பது அவர்களது முக்கிய அவதானம். உயர்கல்வியின் பொது வாயிலூடாகவே விஞ்ஞானத்தின் சிறு வாயிலும் திறந்தது எனலாம்.

விஞ்ஞானம் பற்றியும் ரமிரெஸ் குழுவினர் இதே பாங்கிற் சிந்தித்தனர். நவீன உலக அரசியலமைப்பில் விஞ்ஞானம் பெறும் இடம் பற்றி ட்ரோரி, மேயர், ரமிரெஸ், ஷோபர் ஆகியோர் 2003இல் வெளியிட்ட நூல், விஞ்ஞானத்தை உற்பத்திக் கருவியாக அன்றி உலகளாவிய அதிகாரம் பெற்ற ஒரு பண்பாடாகவே காண்கிறது. விஞ்ஞான அமைச்சும் ஆராய்ச்சிக் கழகமும் விஞ்ஞானக் கொள்கையும் அவற்றுக்கான பொருளாதாரத் தேவை தோன்றாத நாடுகளிலுங்கூட நிறுவப்பட்டன. இம்முடிவுக்கு முன்னோடியாக அமைந்தது 2000ஆம் ஆண்டில் ஷோபர், ரமிரெஸ், மேயர் வெளியிட்ட மற்றோர் ஆய்வு. 1970க்கும் 1990க்கும் இடையில் விஞ்ஞானப் பயிற்சியும் விஞ்ஞானத் தொழிற்படையும் பொருளாதார வளர்ச்சிக்குத் துணைபுரிந்தன என்றும், விஞ்ஞான ஆராய்ச்சியில் நாடுகள் கொண்ட ஈடுபாடு அவ்வளர்ச்சிக்கு எதிர்மறையாகவே தொடர்புற்றிருந்தது என்றும் அது கண்டது. ஆராய்ச்சி பெருகினால் அபிவிருத்தி தானே பெருகும் என்று ஓதிவரும் கொள்கையாளர் இம்முடிவினை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

4

இனி, இம்முறையியலின் எல்லைகளை நோக்குவோம். வாக்குரிமை பற்றிய ஆய்வில் இலங்கையின் இடத்தை ஆராய்வது இதற்கு உகந்த வழியாகும்.

1931இல், டொனமூர் அரசியல் யாப்பின் கீழ், இலங்கைப் பெண்கள் சர்வசன வாக்குரிமை பெற்றனர். பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையை 1928இல்தான் பெற்றனர் என்பதை நினைத்தால் இதன் சிறப்புப் புலனாகும். உலக முன்மாதிரி ஒன்று பரவியது என்னும் கூற்றுக்கு இது பொருத்தமான உதாரணம்போலத் தோன்றும். ஆயின், நிகழ்ந்தவற்றை அணுகி நோக்குமிடத்துக் காட்சி வேறுபடுகிறது. 1927இல் இங்கு பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாயிற்று. அச்சங்கத்தினர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் தோன்றித் தம் கோரிக்கையை முன்வைத்தனர். அதே ஆணைக்குழுவின் முன் அவ்வுரிமையை எதிர்த்து வாதிட்டவருள் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஒருவர். 1913இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியவரும் அவரே. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமையைச் சிபார்சு செய்தது. பின்னரே அவ்வயது இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது.

பெண்கல்வியை வளர்த்த கையே பெண்ணின் வாக்கினைத் தடுக்க முயன்றமை தனிமனித முரண்பாடன்று. நல்ல மனைவியையும் நல்ல தாயையும் உருவாக்கும் கல்வி ஒன்று. அரசியல் உரிமை கோரும் பிரசையை உருவாக்கும் கல்வி வேறொன்று. உயர்குழாத்தினர் முன்னையதை வரவேற்றுப் பின்னையதற்கு அஞ்சினர். உலகச் சமுதாயக் கோட்பாட்டிற் கல்வியும் வாக்குரிமையும் ஒரே முன்மாதிரியின் இரு கூறுகளாகக் கைகோத்து வருகின்றன. நமது வரலாற்றிலோ அவை ஒன்றோடொன்று மோதின. அம்மோதலின் முடிவைத் தீர்மானிப்பதிற் பெண்களது அமைப்புக்குப் பங்குண்டு. குமாரி ஜயவர்த்தன 1986இல் வெளியிட்ட, மூன்றாம் உலகிற் பெண்ணியமும் தேசியமும் பற்றிய நூல், ஆசிய நாடுகள் பலவற்றில் இத்தகைய போராட்டங்கள் நிகழ்ந்ததை விரிவாகக் காட்டுகிறது. பெண்ணுரிமை மேற்கிலிருந்து வெறுமனே இறக்குமதியானதன்று என்பது அந்நூலின் அடிநாதம்.

இதனிலும் பாரதூரமான பிரச்சினை ஒன்றுண்டு. ரமிரெஸ் குழுவினர் கையாண்ட நிகழ்வு வரலாற்றுப் பகுப்பாய்வு முறையில், பெண்கள் முதன்முறையாக வாக்குரிமை பெறும் ஆண்டு வரையே ஒரு நாடு கணிப்பில் இருக்கும். அந்நிகழ்வு ஏற்பட்டதும் அது கணிப்பிலிருந்து வெளியேறிவிடும். அவ்வகையில் இலங்கை 1931இல் வெளியேறிவிடுகிறது. ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தமும் மலையகப் பெருந்தோட்டத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பான்மையினரை வாக்கற்றவராக்கின. தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து பறித்து நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டிக்கொடுத்த பெண்கள் அவர்களுள் அடங்குவர். குடியுரிமைப் பிரச்சினை பல உடன்படிக்கைகளையும் சட்டங்களையும் கடந்து 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே சட்டரீதியாகத் தீர்வை எட்டியது. அட்டவணையில் இலங்கைப் பெண் 1931இல் வாக்குரிமை பெற்றுவிட்டாள். கிடைத்த வாக்கினை இழந்த மலையகப் பெண்ணைப் பதிவதற்கு அவ்வட்டவணையில் இடமேயில்லை.

கல்வியிலும் இதுவே நிலை. இலங்கையின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. உலகக் கல்விப் புரட்சி பற்றிய எந்த ஆய்விலும் அது பெருமையோடு இடம்பெறத்தக்கது. ஆயின் தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் நேரடிப் பொறுப்புக்குள் வரத்தொடங்கின. ஒரு நாட்டின் சராசரி உயர்ந்துகொண்டே செல்கையில் அந்நாட்டின் ஒரு பகுதியினர் கால் நூற்றாண்டுக்கு மேல் அவ்விரிவின் புறத்தே நிற்கக்கூடும். நாட்டினை அலகாகக் கொள்ளும் ஆய்வு இதனைக் காண்பதில்லை.

விஞ்ஞானபீட அனுமதியின் வரலாறும் இதனையே உணர்த்தும். 1970களின் முற்பகுதியிற் கொண்டுவரப்பட்ட மொழிவழித் தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் மருத்துவ, பொறியியற் கற்கைநெறிகளுக்கான அனுமதியை இந்நாட்டின் இனப்பிரச்சினையின் மையத்துக்கே கொண்டுவந்தன. ஓர் இளந்தலைமுறையின் அரசியலை அவை மாற்றியமைத்தன. அதேவேளை மாவட்டப் பங்கீட்டினாற் பின்தங்கிய மாவட்ட மாணவர் சிலர் பயனடைந்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. விஞ்ஞானம் உலகளாவிய பொதுப் பண்பாடு என்று ரமிரெஸ் கூறும்போது, அப்பண்பாட்டினுள் நுழைவதற்கான இடங்கள் எண்ணப்பட்டவை, பங்கிடப்படுபவை, பறிக்கப்படக்கூடியவை என்ற உண்மை பின்தள்ளப்படுகிறது. பெண்களின் விகிதத்தை மாத்திரம் தரும் அட்டவணை எந்த மொழியினர், எந்த மாவட்டத்தினர், எவ்வகைப் பாடசாலையிலிருந்து வந்த பெண்கள் அவர்கள் என்பதைச் சொல்லாது.

5

இரண்டாவது பிரச்சினை வாயிலுக்கு உட்புறத்தே உள்ளது. உலகளாவிய நிலையில் உயர்கல்வியிற் பெண்களின் சேர்வு வீதம் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆண்களினதை விஞ்சியுள்ளது. ஆயினும் விஞ்ஞான ஆராய்ச்சியாளருட் பெண்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே என யுனெஸ்கோவின் கணிப்புகள் கூறுகின்றன. இவ்விடைவெளி காலதாமதம் மட்டுமே எனின் 'மெதுவாக, ஆயினும் உறுதியாக' என்ற எதிர்பார்ப்பு நியாயமானதே. ஆனால் ரமிரெஸின் 1996ஆம் ஆண்டு இணையாசிரியரான கரென் பிராட்லி, மரியா சாள்ஸுடன் இணைந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு அவ்வாறு கருத இடமளிக்கவில்லை. 44 நாடுகளை ஒப்பிட்ட அவ்வாய்வு, கற்கைத் துறைகளில் ஆண் பெண் பிரிவினை செல்வம் மிக்க முன்னேறிய சமுதாயங்களிலேயே கூடுதலாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டியது. தன் விருப்பத்துக்கேற்பத் துறையைத் தேரும் சுதந்திரம் பெருகிய இடத்தில், விருப்பமே பால்நிலையின் அச்சில் வார்க்கப்பட்டு வெளிப்படுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வாழ்க்கைப் பாதுகாப்பு முதன்மை பெறும் நாடுகளில், வருவாய் தரும் துறையை நோக்கிப் பெண்களும் செல்கின்றனர்.

சமத்துவக் கருத்துநிலை மாத்திரம் பெண்களை விஞ்ஞானத்திற் சேர்ப்பதில்லை என்பதையும், பொருளியல் நிர்ப்பந்தத்துக்கு இன்னும் இடமுண்டு என்பதையும் இம்முடிவு உணர்த்துகிறது. சோவியத் ஒன்றியத்தின் அனுபவமும் இங்கு கருதத்தக்கது. அங்கு மருத்துவருட் பெரும்பான்மையினரும் பொறியியலாளருட் கணிசமானோரும் பெண்களாயிருந்தனர். திட்டமிட்ட தொழிற்படைக் கொள்கையே அதற்குக் காரணம். அதேவேளை, பெண்கள் பெரும்பான்மையினராயிருந்த மருத்துவத் தொழிலுக்கு அங்கு ஊதியம் உயர்ந்ததாக இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. எண்ணிக்கைச் சமத்துவம் அதிகாரச் சமத்துவமாகத் தானே மாறிவிடுவதில்லை.

நமது பல்கலைக்கழகங்களை நோக்கினாலும் இது தெளிவாகும். மொத்த மாணவருட் பெண்கள் பாதிக்கு மேற்பட்டோர். கலைபீடங்களில் அவர்கள் பெரும்பான்மையினர், பொறியியற்பீடங்களிற் சிறுபான்மையினர். கற்று வெளியேறியபின் நிலைமை இன்னும் கடுமையாகிறது. இலங்கையிலே வேலை செய்யும் வயதுடைய பெண்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் உள்ளனர். கல்வியின் வாயிலைப் பெண்ணுக்குத் திறந்த சமுதாயம் வீட்டுப் பொறுப்பை அவளிடமிருந்து இறக்கி வைக்கவில்லை.

கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையிலான இத்தகைய விரிசலை உலகச் சமுதாயக் கோட்பாட்டாளர் அறியாதவரல்லர். மேயரும் ரோவனும் 1977இல் நிறுவனங்கள் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்தே, அமைப்பின் வெளித்தோற்றம் அதன் உட்செயலிலிருந்து துண்டிக்கப்பட்டிருத்தலை அவர்கள் ஒரு கருத்தாக்கமாகக் கையாள்கின்றனர். ஆயின் இது விரிசலுக்குப் பெயரிடுகிறதேயன்றி அதனை விளக்கவில்லை. விரிசலால் நன்மையடைவோர் யார், அதனை நீடிக்கச் செய்யும் நலன்கள் யாவை என்ற வினாக்கள் எழுப்பப்படாமலே விடப்படுகின்றன.

முன்மாதிரியை ஆக்குவோர் யார் என்ற வினாவும் அத்தகையதே. பெண்களுக்கெதிரான சகல பாரபட்சங்களையும் ஒழிப்பதற்கான சமவாயத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979இல் ஏற்றுக்கொண்டது. அதனை நாடுகள் ஏற்ற வரலாற்றை வொற்றிப்காவும் ரமிரெஸும் 2008இல் ஆராய்ந்துள்ளனர். இலங்கை 1981இலேயே அதனை உறுதிப்படுத்தியது. 1980இற் கைச்சாத்திட்ட ஐக்கிய அமெரிக்காவோ இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. வலியோர் முன்மாதிரிக்குக் கட்டுப்படாதிருக்கலாம். கடனுக்கும் உதவிக்கும் கையேந்தும் நாடுகளுக்கு அத்தெரிவு அத்துணை எளிதன்று. மறுபுறத்தே, 2003இல் அதே சமவாயத்தை உறுதிப்படுத்திய ஆப்கானிஸ்தானில், 2021இல் தலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றியபின் சிறுமியரின் இடைநிலைக் கல்வி தடுக்கப்பட்டது. 2022 டிசம்பரிற் பல்கலைக்கழகங்களும் பெண்களுக்கு மூடப்பட்டன. திறந்த வாயில் மீண்டும் மூடப்படலாம் என்பதை, பரவலை ஒருமுகப் பயணமாகக் கருதும் கோட்பாடு போதிய அளவு எதிர்பார்க்கவில்லை.

6

இக்குறைபாடுகள் ரமிரெஸின் பணியைப் பயனற்றதாக்குவதில்லை. ஒரு நாட்டின் எல்லைக்குள் நின்றவாறே அந்நாட்டின் கல்வி வரலாற்றை முழுமையாக விளக்கிவிட முடியாது என்பதை அவர் நமக்கு உணர்த்தியுள்ளார். இலவசக் கல்வியை நமது தலைவர்களின் தனிப்பெருங்கொடையாகவோ, பெண்கல்வியை நமது பண்பாட்டின் இயற்கையான மேன்மையாகவோ புகழ்ந்து அமையும் எழுத்துக்கு அவரது ஒப்பீட்டு ஆய்வுகள் தக்க மருந்தாகும். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை ஒருசேர நோக்கும் பரப்பும், எதிர்பார்ப்புக்கு மாறான முடிவினையும் மறைக்காது வெளியிடும் நேர்மையும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை.

ஆனால் அவர் நிறுத்திய இடத்திலேயே நமது ஆய்வு தொடங்க வேண்டும். நாடு என்னும் அலகினை உடைத்து மாவட்டம், மொழி, வர்க்கம், சாதி, பாடசாலை வகை என்பவற்றின் அடிப்படையிற் பெண்களின் கல்வியை ஆராய வேண்டும். விஞ்ஞானபீடத்திற் சேர்ந்த பெண்களை எண்ணுவதோடு அமையாது, பட்டம் பெற்றபின் ஆய்வுகூடத்தில் நிலைத்தோர் எத்தனைபேர், விலகியோர் எத்தனைபேர், ஏன் விலகினர் என வினவ வேண்டும். க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லாத பாடசாலைகளிற் பயிலும் தோட்டப்புறச் சிறுமியருக்கு உலகப் பொதுப் பண்பாடான விஞ்ஞானம் எவ்வடிவில் வந்து சேர்கிறது என்பதை நேரிற் சென்று பதிவு செய்ய வேண்டும். இவை நமது பல்கலைக்கழக மாணவரின் சக்திக்கு அப்பாற்பட்ட பணிகளல்ல. பாடசாலை இடாப்புகளும் அனுமதிப் பதிவுகளும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றின்பின் நிற்கும் மனிதர்கள் நம்மிடையே வாழ்கின்றனர்.

அவ்வாய்வுகள் செய்யப்படுமாயின் உலகச் சமுதாயக் கோட்பாட்டினை நாம் வெளியிலிருந்து குறைகூறுபவர்களாக அல்லாமல், அதனைத் திருத்தி வளர்ப்பவர்களாக நிற்க முடியும். 1931இல் வாக்குப் பெற்று 1949இல் அதனை இழந்த பெண்ணையும் தன் கணிப்புக்குள் கொண்டுவரும் சமூகவியலே பெண்ணையும் கல்வியையும் பற்றி உலகுக்குப் பொதுவான முடிவுகளைக் கூறும் தகுதியுடையதாகும்.